காலம் காட்டும் கடிகாரமும் காலடி எண்ணும் பட்டையும்

மணிக்கட்டு என்னும் சொல்லிலேயே மணி இருக்கிறது. ஆயினும் அந்த இடத்தில் மணி காட்டும் கருவியைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் ஆண்களிடையே பரவி நூறாண்டுகளுக்குச் சற்றே மேலாகிறது. முதல் உலகப் போருக்கு முன்வரை அவர்கள் கடிகாரத்தைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தனர். இன்றோ அதே மணிக்கட்டில் வேறொரு பொருள் குடியேறிவருகிறது. எத்தனை அடி நடந்தோம், இதயம் எத்தனை முறை துடித்தது, இரவில் எவ்வளவு நேரம் உறங்கினோம் என்றெல்லாம் கணக்குச் சொல்லும் ‘பிட்னஸ் பேண்ட்’ என்னும் பட்டைதான் அது.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் உடைய ஊர். இப்பகுதியில் பட்டுத் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மூத்தவர்கள் திருமணத்தில் அணிவிக்கப்பட்ட சாவி கொடுக்கும் கடிகாரத்தை இன்றும் பெட்டியில் பாதுகாக்கின்றனர். இளைஞர்கள் முதல் சம்பளத்தில் பட்டை வாங்குகின்றனர். “மணி பார்க்க இத்தனை ஆரவாரம் எதற்கு?” என்று பெரியவர்களும், “வெறும் மணி மட்டும் காட்டுவதற்கு ஒரு கருவியா?” என்று பிள்ளைகளும் கேட்கக் காண்கிறோம். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்விரண்டும் எதை அளக்கின்றன, எவ்வாறு அளக்கின்றன, அவற்றின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய முற்படுகிறேன்.

சாவி கொடுக்கும் கடிகாரம்

சாவி கொடுக்கும்போது கடிகாரத்தினுள் இருக்கும் நீண்ட எஃகு வில் சுருண்டு இறுகுகிறது. நம் விரல் செய்த வேலை அவ்வில்லில் ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. வில் விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. தடையின்றிச் சுழல விட்டால் சில நொடிகளில் வில் முழுதும் விரிந்து ஓய்ந்துவிடும். எனவே ஒரு சிறு நெம்புகோல் சக்கரத்தைப் பற்களுக்கிடையே நிறுத்தி நிறுத்தி விடுவிக்கிறது. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை அதனுடையதே. அந்நெம்புகோலுக்குத் தாளம் கொடுப்பது, மயிரிழை போன்ற சுருளோடு இங்குமங்கும் ஆடும் பேலன்ஸ் சக்கரம்.

பழைய எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தில் இச்சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கிறது. அதாவது நொடிக்கு ஐந்து. நாளொன்றுக்கு 4,32,000. நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. நம் இதயத்தைப் போல் நான்கு மடங்கு உழைக்கும் ஒரு சிறு சக்கரத்தை நாம் கையில் கட்டியிருந்தோம் என்பது வியப்பன்றோ! உராய்வு குறைய அதில் 17 செயற்கைக் கெம்புக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. மின்கலம் வேண்டாம், ஒருமுறை முழுதும் சாவி கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடும்.

ஒரே சாலையில் நடந்த வரலாறு

எங்கள் ஊர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே மேற்கு நோக்கிப் பயணம் செய்தால் ஓசூர், பெங்களூரு, தும்கூர் ஆகிய ஊர்கள் வரிசையாக வருகின்றன. இந்தியக் கைக்கடிகாரத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களிலேயே எழுதப்பட்டது.

பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்த் தும்கூரிலும் தொழிற்சாலை அமைத்தது. அரசு ஊழியர், ஆசிரியர், மாணவர் எனப் பல கோடி மக்களின் கைகளில் அந்நிறுவனத்தின் கடிகாரம் ஏறியது.

இதற்கிடையே, 1969 டிசம்பரில், ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குவார்ட்ஸ் படிகத்தின் வழியே மின்சாரம் செலுத்தினால் அது சீராக அதிரும். கைக்கடிகாரத்தில் அவ்வதிர்வு நொடிக்கு 32,768. தாளம் எவ்வளவு நுண்ணியதோ, கணக்கு அவ்வளவு திருத்தம். தேர்ந்த சுவிஸ் கடிகாரத்திற்கே நாளொன்றுக்கு 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம் என்று சான்றளிக்கும் நிறுவனம் விலக்களிக்கிறது. சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்கும் 15 நொடி அளவே தவறும்!

டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யலாயிற்று. மக்கள் மனம் அப்பக்கம் சாய்ந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

தேவை போனபின் பிழைத்தது எப்படி?

துல்லியத்தில் தோற்ற பொருள் மறைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. சுவிட்சர்லாந்தில் 1970-இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வாழ்வளித்த கடிகாரத் தொழிலில், 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். ஆனால் அத்தொழில் அழியவில்லை. ஒருபுறம், 1983-இல் வந்த ‘ஸ்வாட்ச்’ என்னும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் அதற்கு மூச்சுக் கொடுத்தது. மறுபுறம், சாவி கொடுக்கும் கடிகாரம் தன் விலைக்கு வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தது. ‘நான் சரியான நேரம் காட்டுகிறேன்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ‘என்னைக் கைத்திறன் வாய்ந்த மனிதர்கள் செய்தார்கள்’ என்று சொல்லத் தொடங்கியது. இன்று பல லட்சம் ரூபாய் கொடுத்து அதை வாங்குவோர் உலகெங்கும் உளர்.

நம் ஓசூர் நிறுவனமும் இவ்வழியில் காலெடுத்து வைத்துள்ளது. டைட்டன் 2025-இல் ‘ஜல்சா’ என்னும் பெயரில் பத்தே பத்துக் கடிகாரங்களை வெளியிட்டது. ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் ரூபாய். பேலன்ஸ் சக்கரத்தையே ஒரு கூண்டில் வைத்துச் சுழலச் செய்யும் ‘டூர்பிய்யோன்’ என்ற அமைப்பு அதில் உண்டு. புவியீர்ப்பினால் நேரும் பிழையைச் சமன்செய்ய, பிரெகே என்னும் கலைஞர் 1801-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது.

பட்டு நெய்யும் பகுதியில் பிறந்த நமக்கு இச்செய்தி புதிதன்று. விசைத்தறி விரைவாக நெய்கிறது. குறைந்த விலைக்கும் தருகிறது. இருந்தும் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் கோர்க்கப்படும் கோர்வைச் சேலைக்குத் தனி மதிப்புண்டு. சுவிஸ் கடிகாரத்திற்குச் ‘சுவிஸ் தயாரிப்பு’ என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு காப்பாக இருக்கிறது. ஆனால், கைத்திறனுக்காக வாங்குவோர் கொடுக்கும் விலை அக்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தத் திறன் அடுத்த தலைமுறைக்கு வரும். ஆடம்பரக் கடிகாரத்தைப் பழிப்பதற்கு முன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இது.

அடி எண்ணும் பட்டை

இனிப் பட்டையைக் காண்போம். அது நம் கால்களைப் பார்ப்பதே இல்லை என்பது பலர் அறியாத உண்மை. மேல்கீழ், இடவலம், முன்பின் ஆகிய மூன்று திசைகளிலும் வேக மாற்றத்தை உணரும் சிறு கருவி அதனுள் இருக்கிறது. நடக்கும்போது கை வீசுகிறோம். உடல் ஏறி இறங்குகிறது. அந்தத் தாளத்தைக் கண்டு, ‘இது ஓர் அடி’ என்று பட்டை முடிவு செய்கிறது. அதாவது, அது கையை அளந்து காலை ஊகிக்கிறது.

எங்கள் தெருவில் குழித்தறியில் நெய்யும் மாமா ஒருவர் கையில் நண்பன் தன் பட்டையைக் கட்டிவிட்டான். ஒரு மணி நேரம் அவர் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. இரு கையாலும் மாறி மாறி நாடா எறிந்தார், மிதியை மிதித்தார். பட்டையோ அவரைச் சில நூறு அடி நடக்க வைத்துவிட்டது! அதே பட்டையைக் கட்டிக்கொண்டு, மூட்டை ஏற்றிய சைக்கிளை ஏரிக்கரை நெடுகத் தள்ளிச் சென்றபோது, கைப்பிடியில் கை அசையாதிருந்ததால் நடந்த அடிகளில் பெரும்பகுதி கணக்கில் ஏறவில்லை. உழைப்பு ஒன்று, எண்ணிக்கை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாடித்துடிப்பைக் காண்பது ஒளியினால். பட்டையின் அடிப்பக்கத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தம் மிகுவதால், திரும்பி வரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கமே துடிப்பின் கணக்கு. பட்டை தளர்ந்திருந்தாலும் கை ஆடிக்கொண்டிருந்தாலும் கணக்குப் பிசகும். முன்கையில் பச்சை குத்தியிருக்கும் நம் பாட்டிமார்க்குக் கட்டினால், அந்த மையே ஒளியை மறைத்துத் தடுமாறச் செய்யலாம்.

பத்தாயிரம் என்னும் எண்

நாள்தோறும் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது வேதவாக்குப் போல் வழங்குகிறது. இந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குப்பின் ஜப்பானில் நடைப்பயிற்சி ஆர்வம் மிகுந்தது. 1965-இல் அங்கு விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. விற்பனைப் பெயரே விதியாக நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் மூத்த வயதுப் பெண்கள் ஏறத்தாழ 17,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாளுக்கு 4,400 அடி நடந்தோரிடையே 2,700 அடி நடந்தோரைவிட இறப்பு வெகுவாகக் குறைந்திருந்ததையும், 7,500 அடிக்குமேல் அந்நன்மை பெருகாததையும் காட்டியது. பத்தாயிரம் எட்டவில்லையே என்று மனம் சோர்ந்து நடப்பதையே விட்டுவிடுவோர் இதைக் கருத்தில் கொள்வது நலம்.

நம்புவதற்கும் ஓர் எல்லை

பட்டையால் பயனில்லை என்பது என் கருத்தன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தறியிலும், கணக்குப் பலகையிலும், பேருந்து ஓட்டுநர் இருக்கையிலும் பகல் முழுதும் அமர்ந்திருப்போர்க்கு, “எழுந்து சற்றே நட” என்று மணிக்கொருமுறை கையைத் தட்டிச் சொல்லும் கருவி நல்ல துணையே. அடிகளின் எண்ணிக்கை பிசகினாலும், நேற்றைவிட இன்று கூடுதலா குறைவா என்பதை அது ஓரளவு காட்டும். அந்த ஒப்பீடுதான் அதன் உண்மையான பயன்.

ஆனால், நினைவூட்டுவது வேறு, நோயறிவது வேறு. இதயத் தாளம் தவறுவதைக் கைக்கடிகாரம் கண்டறியுமா என்று அமெரிக்காவில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவர்களுள் எச்சரிக்கை பெற்றவர்கள் நூற்றுக்கு அரைப் பங்கினரே. எச்சரிக்கைக்குப்பின் மார்பில் ஒட்டும் கருவியால் சோதிக்கப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவரிடம்தான் அக்கோளாறு அப்போது காணப்பட்டது. ‘ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும்’ என்று விற்கப்படும் கடிகாரங்களைப் பற்றி, அப்படிப்பட்ட எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதன் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

மற்றொன்றும் உண்டு. சாவி கொடுக்கும் கடிகாரம் நம்மைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாது. பட்டையோ தான் அறிந்ததைக் கைப்பேசி வழியே நிறுவனத்திற்கு அனுப்புகிறது. 2018-இல், ஓட்டப் பயிற்சி செய்வோரின் வழித்தடங்களைச் சேர்த்து ‘ஸ்ட்ராவா’ நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்தில், இராணுவ முகாம்களின் இருப்பிடங்களே வெளிப்பட்டுவிட்டன. வாங்கும்போதே, எதை அனுப்ப இசைகிறோம் என்று படித்துப் பார்ப்பது அறிவுடைமை.

எது வேண்டும்?

திருக்குறளில் காலமறிதல் என்றோர் அதிகாரமும், மருந்து என்றோர் அதிகாரமும் உள்ளன. செயலுக்கு உரிய பொழுதை அறிதலும், உடலின் அளவை அறிதலும் வாழ்வுக்கு இரு கண்கள் என்பதை வள்ளுவர் உணர்ந்திருந்தார். கடிகாரம் முன்னதற்குத் துணை; பட்டை பின்னதற்குத் துணை. அறிவது மட்டும் நம்முடைய வேலை.

எனவே என் முடிவு இதுதான். வீட்டில் பழைய கடிகாரம் உறங்கிக்கொண்டிருந்தால், கண்ணில் உருப்பெருக்கி மாட்டிய பழுதுபார்ப்பவர் ஊரில் இருக்கும்போதே எடுத்துச் சென்று எண்ணெயிட்டு ஓடச் செய்யுங்கள். அது மகனுக்கும் பேரனுக்கும் ஓடும். புதிதாகப் பல லட்சத்திற்கு வாங்குவோர், நேரத்துக்காக அன்று, கைத்திறனுக்காகவே விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கட்டும். உட்கார்ந்தே உழைக்கும் தந்தைக்கும் தாய்க்கும், மின்கலம் தளரும் சில ஆண்டுகள்வரை உழைக்கக்கூடிய எளிய பட்டை ஒன்று போதும். விலை மிகுந்தது வேண்டியதில்லை. அதன் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மருளவும் வேண்டாம். அது தட்டும்போது தறியைவிட்டு எழுந்து ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வந்தால், வாங்கிய பணத்திற்கு அதுவே போதிய பயன்.