நகர மண்டபம் நாடக அரங்கமான கதை

சிங்கப்பூர் ஆற்றின் அருகே, எம்பிரஸ் பிளேஸில், நடுவே உயர்ந்த மணிக்கூண்டுடன் நிற்கும் வெள்ளைக் கட்டடத்தை அறியாதார் இல்லை. தமிழ் நாடகங்களும் பரதநாட்டிய நிகழ்ச்சிகளும் நடந்த மேடை அது. ஆனால் அக்கட்டடம் ஆற்றிய பணிகள் கலையோடு நின்றுவிடவில்லை.

பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் அவை இரு கட்டடங்கள். முதலில் எழுந்தது நகர மண்டபம். 1855-ல் அடிக்கல் நாட்டி 1862-ல் கட்டி முடித்தார்கள். அலுவலகங்களும் நாடக மேடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நாளடைவில் இடம் போதவில்லை. 1901-ல் விக்டோரியா மகாராணியார் காலமானதும், அவர் நினைவாகப் பக்கத்திலேயே ஒரு மண்டபம் எழுப்பப்பட்டு 1905-ல் திறக்கப்பட்டது. பழைய மண்டபமும் அதற்கு இணையாகத் திருத்தி அமைக்கப்பட்டு, 1909-ல் விக்டோரியா நாடக அரங்கமாயிற்று.

பிறகு போர் வந்தது. 1942-ல் ஜப்பானியர் குண்டு வீசியபோது நினைவு மண்டபம் காயமுற்றோரைத் தாங்கும் மருத்துவமனையாயிற்று. நகரம் வீழ்ந்த பின் சீன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலை பற்றிய வழக்கு 1947-ல் இதே மண்டபத்தில்தான் நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழு ஜப்பானிய அதிகாரிகளில் இருவருக்கு மரண தண்டனையும் ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. உற்றாரைப் பறிகொடுத்த பலருக்கு அத்தீர்ப்பு ஆறுதல் தரவில்லை.

1954 நவம்பர் 21-ல் மக்கள் செயல் கட்சியின் தொடக்க விழா நினைவு மண்டபத்தில் நடைபெற்றது. நாடக அரங்கமும் புதுப்பிக்கப்பட்டு 1958 செப்டம்பர் 6-ல் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விழாவுக்கென நகராண்மைக் கழகம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜுபிர் சைட் இயற்றிய மலாய்ப் பாடல் அன்று முதன்முறையாக அரங்கேறியது. அதுவே “மஜுலா சிங்கப்பூரா”. 1959-ல் அது நாட்டின் பண்ணாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓர் அரங்கத்தின் திறப்பு விழாவுக்குப் பிறந்த பாட்டு ஒரு நாட்டுக்கே உரியதாயிற்று!

1979-ல் தோன்றிய சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவுக்கு நினைவு மண்டபம் தாயகமாகி, விக்டோரியா இசை மண்டபம் என்று பெயர் பெற்றது. 1992-ல் இரு கட்டடங்களும் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2010-ல் மூடப்பட்டு, பெரும் சீரமைப்புக்குப் பின் 2014-ல் திறக்கப்பட்டன. பழைய முகப்பு அப்படியே இருக்க, உள்ளே அரங்கம் புதிதாக அமைந்தது.

பழமை என்பதற்காக மட்டும் இக்கட்டடம் நிலைத்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு வேலை கொடுத்தது. மகாராணியாரின் பெயர் இன்றும் வாசலில் இருக்கிறது. உள்ளே பிறந்த பாட்டையோ சுதந்திர நாட்டின் பிள்ளைகள் பள்ளிகளில் பாடுகிறார்கள்.