தும்பறைப் பாயும் பாரசீகக் கம்பளமும்

அட்டன், நுவரெலியா மலைகளிற் பிறக்கும் ஓடைகள் பல மகாவலியிற் கலந்து, கண்டியை வளைத்துச் சென்று தும்பறைப் பள்ளத்தாக்கை அடைகின்றன. அங்கே குண்டசாலைக்கு அண்மையிலுள்ள ஹேனவல என்னும் சிற்றூரில் தும்பறைப் பாய் நெசவு இன்றும் உயிரோடிருக்கின்றது. பாய் என்றவுடன் கோரையையும் பன்னையும் எண்ணிவிடலாகாது. தடித்த இலையுடைய 'ஹண' என்னும் செடியின் நாரே இதற்கு மூலப்பொருள்.

இலையின் சதையைச் சுரண்டி நீக்கி, நாரைக் கழுவி உலர்த்திச் சீவி எடுக்கின்றனர். சப்பங்கிக் கட்டையிலிருந்து சிவப்பும், மரமஞ்சளிலிருந்து மஞ்சளும், கடுக்காய் முதலியவற்றிலிருந்து கறுப்பும் பெறுவது பழைய வழக்கம். தறியோ தரையை ஒட்டியது. நெய்பவர் நிலத்தில் அமர்ந்து, பாவிழைகளை வேண்டிய இடத்தில் எண்ணித் தூக்கி, யானை, மான், பறவை, பூங்கொடி ஆகிய உருவங்களை நெசவுக்குள்ளேயே எழுப்புகின்றார். அவை மேலே அச்சிட்டவையல்ல, பின்னர்த் தைத்தவையுமல்ல.

உலகம் போற்றும் பாரசீகப் பழங்குடிக் கம்பளங்களும் இத்தகைய எளிய தறியிலே பிறந்தவையே. சீராஸ் நகரைச் சூழ்ந்த பார்ஸ் மாகாணத்துக் காஷ்காய் மக்கள், மந்தைகளுடன் கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் தாழ்நிலத்துக்கும் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். முளைகளைப் பிடுங்கினால் அவர்களது தறியைச் சுருட்டிக்கொண்டு புறப்படலாம். ஆயின் வேலைமுறை வேறு. இரண்டு பாவிழைகளை அணைத்துக் கம்பளி நூலால் ஒரு முடிச்சு. நுனியை வெட்டியபின் அடுத்த முடிச்சு. வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்தி, சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவர். அந்நுனிகளே மெத்தென்ற மேற்பரப்பாகின்றன. பின்புறத்தைத் திருப்பினால் முடிச்சுகளைக் காணலாம். ஒரே சிவப்பு நடுவிற் சற்று வெளிறியிருப்பதும் உண்டு. வேறொரு முறை சாயமிட்ட நூல் அங்கே தொடங்கியது என்பதே அதன் பொருள். பழங்கம்பளப் பிரியர்கள் அதனைக் குறையென்று தள்ளுவதில்லை, விரும்பித் தேடுகின்றனர்.

பார்ஸ் கம்பள நெசவை 2010இலும், தும்பறை நெசவை 2021இலும் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆனால் தும்பறை நெசவாளரின் பழைய நிலை கசப்பானது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், நேர்த்தியான பாய் முடையும் குலத்து ஆடவர் தலையில் எதையும் அணியக்கூடாது என்ற விதியைக் குறித்துள்ளார். பாய் உயர்ந்தோர் இல்லத்துக்குப் போயிற்று. முடைந்தவர் வெறுந்தலையோடு வெளியே நின்றார். இன்று அந்த விதி இல்லை. பாயோடு சுவர்த்தொங்கல்களும் மெத்தையுறைகளும் நெய்கின்றனர். நெய்யும் குடும்பங்கள்தாம் சிலவாகிவிட்டன.