டாமிக்கு உங்கள் மாத்திரை வேண்டாம்!

கார்த்திகை மாதம். விடாத மழை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ராத்திரி எட்டு மணிக்கு கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரத்தில் பின் தெருப் பெரியவர் குடையோடு வந்து நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்து ரிடையரானவர்.

"டாக்டர் ஸார், டாமிக்கு ரெண்டு நாளா வாந்தி. இன்னிக்குப் பேதியும் ஆகுது. நம்ம சூரணம் ஏதாவது கொடுங்களேன். இங்கிலீஷ் மருந்தே வேணாம்னு பாக்கறேன்."

டாமிக்கு ஒன்பது வயசு. பாமரேனியன் பாதி, தெரு நாய் பாதி. எடை 11 கிலோ. அந்த வீட்டில் அம்மா காலமான பிறகு பெரியவருக்குப் பேச்சுத் துணை அதுதான். நான் சித்த மருத்துவன். நாய்க்கு வைத்தியம் பார்க்க எனக்குப் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை. 1984-ம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அது கால்நடை மருத்துவர்களின் வேலை. ஆனாலும் வாசலில் நிற்கிற மனிதரிடம் சட்டம் பேச முடியுமா? என் கை திரிகடுகு சூரணம் இருக்கும் பாட்டில் பக்கம் போனது உண்மை. நல்ல வேளை, வாய் முந்திக்கொண்டது.

"மலம் என்ன நிறம்?"

"கறுப்பா... தார் மாதிரி ஒட்டுது ஸார்."

"வேற என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மழைக்கு டாமி பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்ததாம். தன் முட்டிவலிக்கு வைத்திருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியை நாலு நாள் சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பே அரிப்புக்கு என்று கால்நடை மருத்துவர் எழுதித் தந்த பிரட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்குக் காலையில் உடம்பு சுடுகிறதே என்று அரை பாராசிட்டமால். வாந்திக்கு இஞ்சிச் சாறு. இத்தனையும் பாசத்தில் செய்தது!

வாசகர்களே, இதில் எது தப்பு என்று நீங்களே சொல்லுங்கள் பார்க்கலாம். எல்லாமே தப்புதான், டாக்டர் எழுதிய ஸ்டீராய்டைத் தவிர. அதுவும் வலி மாத்திரையோடு சேர்ந்ததும் விஷமாகிவிட்டது.

அரை மாத்திரை என்பது அரை அளவு அல்ல

கணக்கைப் பாருங்கள். பெரியவர் 65 கிலோ. 50 மில்லி கிராம் மாத்திரை ஒன்று போட்டால் கிலோவுக்கு முக்கால் மில்லி கிராம்தான் வரும். டாமி 11 கிலோ. பாதி மாத்திரை, 25 மில்லி கிராம். கிலோவுக்கு 2-க்கு மேல் போகிறது. 'பாதிதானே கொடுத்தேன்' என்றவர், தான் போடுகிற அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்திருக்கிறார். ஐபுப்ரோஃபென் 400 மாத்திரை ஒன்றைப் பத்து கிலோ நாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 40. நமக்கு அது ஏழுதான்.

எடைக்கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. நாயின் உடம்பு இந்த மருந்துகளை நம்மைப் போல வெளியேற்றுவதில்லை. நாப்ராக்ஸன் என்று ஒரு வலி மருந்து. நம் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 12 முதல் 17 மணி நேரம் ஆகும். நாய்க்கு ஏறக்குறைய மூன்று நாள்! முதல் மாத்திரை உள்ளேயே உட்கார்ந்திருக்க, அடுத்ததும் அதற்கடுத்ததும் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

வயிற்றின் உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் உண்டு. அமிலம் சுவரைத் தின்னாமல் காப்பது அதுதான். அந்தப் படலத்தை ஊறச் செய்வதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் உடம்பில் சுரக்கும் சில பொருட்கள். வலி மாத்திரை அந்தப் பொருட்களையே தடுக்கிறது. வலி குறைவதும் அதனால்தான், வயிறு புண்ணாவதும் அதனால்தான். ஸ்டீராய்டும் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் குடலில் ஓட்டையே விழலாம். தார் போன்ற கறுப்பு மலம் என்பது வயிற்றில் கசிந்து செரித்த ரத்தம். சிவப்பாக இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். (இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும் மலம் கறுக்கும். ஆனால் அப்படித் தாராக ஒட்டாது.)

ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு எமனாவது புதிதல்ல. இதே டைக்ளோஃபினாக்கை மாடுகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். மாடு தாங்கிக்கொண்டது. செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் மடிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் மாடுகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று இந்தியா தடை போட்டது. மாத்திரைக் கடையில் நமக்கு இன்றும் கிடைக்கிறது.

அப்புறம் அந்த 'ஜுரம்'. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். தொட்டுப் பார்த்தால் நமக்குச் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருந்தால் ஜுரம் என்பதும் சரியில்லை. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 103-க்கு மேல் போனால்தான் கவலைப்பட வேண்டும். இல்லாத ஜுரத்துக்குப் பாராசிட்டமால் கொடுத்து ஈரலைக் கெடுப்பானேன்? பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

என் மருந்தும்தான்

இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்பவர்களுக்கு நான் சொல்லியே ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து ஊருக்கு வந்த புதிது. வீட்டில் மூன்று மாதக் குட்டி ஒன்று. பெயர் ராமு. வாந்தி, நாற்றமடிக்கும் பேதி. குடலில் ஏதோ தங்கிவிட்டது, கழித்துவிட்டால் சரியாகும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தேன். புதுப் படிப்பு, புது கர்வம். விடிவதற்குள் ராமு போய்விட்டது. அது பார்வோ வைரஸ் நோய் என்று பிறகுதான் புரிந்தது. 1978 வாக்கில் உலகத்தில் தலைகாட்டிய அந்த நோய், நான் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டிருந்தது. அதில் குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். அந்தக் குட்டிக்கு நான் பேதி மருந்து கொடுத்திருக்கிறேன்! சலைன் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கலாம், தடுப்பூசி போட்டிருந்தால் நோயே வராமலும் இருந்திருக்கலாம். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஆகவே, நாய்க்குப் பூண்டு லேகியம் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. குழம்புச் சோற்றில் தினம் போகும் வெங்காயமும் இதில் சேர்த்திதான். உலர்ந்த திராட்சை சேர்ந்த லேகியமும் வேண்டாம், திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடுகிறது. பற்பம், செந்தூரம் பக்கமே போகாதீர்கள். மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகு, கூடவே உள்ளே போகும் மற்ற மருந்துகளை ரத்தத்தில் அதிகமாக ஏறச் செய்யக்கூடியது. அன்று ராத்திரி நான் அந்த பாட்டிலைத் திறந்திருந்தால் டாமியின் புண்ணில் காரமும் சேர்ந்திருக்கும், மாத்திரையின் விஷமும் ஏறியிருக்கும். அதிமதுரம் வயிற்றுப்புண்ணுக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பில் அது உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைக்கும். அதுவும் வேண்டாம்.

கால்நடைப் பல்கலைக்கழகமே மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசச் சொல்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மை. அது மடியின் மேல் பூசுவது. நாயின் வயிற்றுக்குள் போவது வேறு சமாசாரம்.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது?

இதுதான் பலருக்குத் தெரியாத இடம். மாத்திரை கொடுத்து நாய் வாந்தி எடுத்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம், அல்லது 'டாக்டர் சொன்னார்' என்று எல்லாவற்றையும் திணிக்கிறோம்.

வலி மாத்திரை, அது நாய்க்கென்றே எழுதித் தந்ததாக இருந்தாலும், சாப்பாட்டில் நாட்டம் குறைந்தாலோ, வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். ஸ்டீராய்டு நேர் எதிர். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், அகோரப் பசி, மூச்சிரைப்பு எல்லாம் அதன் வழக்கமான விளைவுகள். பயந்துபோய்ச் சட்டென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. சில வாரம் கொடுத்த பிறகு திடீரென்று நிறுத்தினால், தானே சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாமல் நாய் துவண்டு விழும். படிப்படியாகக் குறைப்பது டாக்டரின் வேலை.

உண்ணி ஜுரத்துக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் வெறும் வயிற்றில் குமட்டும். தொண்டையில் ஒட்டினால் புண்ணாக்கும். கொஞ்சம் சோற்றுக்குப் பிறகு கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக விடுங்கள். பேதிக்குத் தரும் மெட்ரோனிடஸோல் வேப்பங்காய்க் கசப்பு. உடனே நுரை தள்ளினால் அது கசப்புதான், பதறாதீர்கள். ஆனால் சில நாளில் தள்ளாடி நடந்தாலோ, கண்மணி இடதும் வலதுமாக ஆடினாலோ அன்றே போய்க் காட்டுங்கள். உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் மூளையைத் தாக்கும். பேதியை நிறுத்த நாம் போடும் லோபரமைடும் அப்படித்தான்.

பக்குவம்

மருந்து எதுவும் சாப்பிடாத, தடுப்பூசி போட்ட, வளர்ந்த நாய் ஒருமுறை கண்டதைத் தின்று வாந்தி எடுத்தது, விளையாட்டாகத்தான் இருக்கிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். 12 மணி நேரம் சோறு வேண்டாம். தண்ணீரை முழுக் கிண்ணமாக வைக்காமல் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மேஜைக்கரண்டி. வாந்தி நின்றால் குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழி ஒரு பங்கு, உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லாமல், ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. சைவ வீடுகளில் குழைந்த சோற்றோடு வேகவைத்த பரங்கிக்காய், ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர். பால் கூடாது. இரண்டு மூன்று நாளில் பழைய சாப்பாட்டைக் கலந்து மாற்றுங்கள். சீரகத் தண்ணீர் ஒரு ஸ்பூன் கொடுத்தால் கெடுதல் இல்லை. அது குணமாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது. தின்றதைக் கக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள், உப்பே விஷமாகும்.

மலத்தில் ரத்தம் அல்லது தார் நிறம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வயிறு உப்பிக் குமட்டியும் எதுவும் வராமல் தவிப்பது, தோளருகே தோலைக் கிள்ளிவிட்டால் பழையபடி படியாமல் நிற்பது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் நாய்... இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

டாமியின் ஈறு வெள்ளைத்தாள் போல இருந்தது. பெரியவரைச் சூரணம் இல்லாமல் திருப்பி அனுப்ப முடியவில்லை, நானும் ஆட்டோவில் ஏறினேன். வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கிறதே சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, அங்கே. கொடுத்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். பெரியவர் முதலில் பாராசிட்டமாலை மட்டும் சொன்னார். நான் பையை மேஜையில் கொட்டினேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மா திட்டவில்லை. டைக்ளோஃபினாக் அட்டையில் எத்தனை குறைகிறது என்று மட்டும் எண்ணினார்.

சலைன், வயிற்றுப்புண்ணுக்கு ஊசி, ரத்தப் பரிசோதனை. ஐந்து நாள் போக வர இருந்தது. டாமி பிழைத்தது. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனப்பட்டிருக்கிறதாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள். கால்வலிக்கு நாய்க்கான மருந்தும் இனி யோசித்துத்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். மழைநாளில் அது இன்னும் தாங்கித்தான் நடக்கிறது. பெரியவர் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தன் கையில் சூடு பார்த்துவிட்டு, அதன் தொடையில் ஒற்றுகிறார். தன்னுடைய முட்டிவலி மாத்திரைகளைப் பரண்மேல் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கிறது என்று என்னிடம் புகார்.