கடல்நீர்த் தொட்டியில் பாசியா? கழுவும் முன் கவனியுங்கள்!

விருத்தாசலத்தில் நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர், மகன் ஆசைப்பட்டான் என்று வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்தார். மூன்றாவது வாரம் வெள்ளை மணல் முழுவதும் பழுப்பாகிவிட்டது. "தொட்டி கெட்டுப்போச்சு ஹஜ்ரத், எல்லாத்தையும் கொட்டிக் கழுவிடட்டுமா?" என்று கேட்டார். "சுத்தம்தானே, செய்யுங்கள்" என்று நாமும் சொல்லிவிட்டோம். மணலையும் கற்களையும் போர் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார். ஒரே வாரத்தில், பிள்ளைகள் 'நீமோ' என்று அழைக்கும் அந்த இரண்டு மீன்களும் இறந்துவிட்டன.

அறியாமல் சொன்ன பதில் அது. அதன் பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

மீன்களைக் கொன்றது எது?

பாசி அல்ல. மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணலிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதை மாற்றி மீனைக் காக்கின்றன. அவை பெருகச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நன்னீரில் தேய்த்துக் கழுவினால் அந்த உயிர்கள் அழிந்து, அம்மோனியா ஏறிவிடுகிறது.

எந்தப் பாசி என்று அறிவது எப்படி?

1. பழுப்புத் தூள்: மாவு தூவியதுபோல் படியும்; விரலால் துடைத்தால் எளிதில் போய்விடும். இது டயாட்டம். இதன் உடல் கூடு சிலிக்காவால் ஆனது. களிமண்ணும் குவார்ட்ஸும் புழங்கும் நம் செராமிக் ஊருக்குச் சிலிக்கா புதிதல்ல. குழாய் நீரிலும் அது கரைந்திருக்கும். தீர்ந்ததும் சில வாரங்களில் டயாட்டமும் தானே குறையும். ஆர்.ஓ. நீரில் உப்பு கலந்து ஊற்றினால் விரைவில் அடங்கும்.

2. பழுப்பு இழை: சளிபோல் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழ் இருக்கும், இரவில் குறைந்து பகலில் திரும்பும். இது டைனோஃபிளாஜெல்லேட். சிறிது எடுத்துக் குப்பியில் குலுக்கி, மெல்லிய காகிதத்தில் வடிகட்டி வெளிச்சத்தில் வையுங்கள். வடிந்த நீரில் மீண்டும் இழையாகச் சேர்ந்தால் பெரும்பாலும் இதுதான். நத்தைகளுக்கு இது நஞ்சாகலாம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அற்றுப்போன தொட்டியில் இது பெருகும் என்பதால், அடிக்கடி நீர் மாற்றுவது நிலைமையை மோசமாக்கும்.

3. சிவப்புப் படலம்: தோல்போல் உரிந்து வரும். இது உண்மையில் பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. தீவனத்தைக் குறைத்து, நீரோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

4. பச்சை முடி: கையால் பறித்து, விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணிக்குள் வையுங்கள்.

5. பச்சைக் குமிழ்: முத்துபோல் பளபளக்கும் வலோனியா. தொட்டிக்குள் உடைக்காமல், அடியோடு கழற்றி வெளியே எடுங்கள்.

6. இளஞ்சிவப்பு அல்லது ஊதா ஓடு: சுரண்டினாலும் எளிதில் வராது. இது சுண்ணாம்புப் பாசி. தொட்டி நல்ல நிலைக்கு வருவதன் அடையாளம். விட்டுவிடுங்கள்.

அலங்காரத்துக்கென்று செராமிக் பொம்மைகளைப் போடுவோரும் கவனிக்க வேண்டும். சில மெருகுப் பூச்சுகளில் செம்பு இருக்கும். அது நீரில் கசிந்தால் நத்தை, இறால், பவளம் ஆகியவற்றுக்கு ஆபத்து.

பறித்ததை எங்கே போடுவது?

"கடலில் வந்தது கடலுக்கே போகட்டும்" என்று கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போகும்போது கொட்டிவிடாதீர்கள். 1984-இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு அருகே, மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலெர்பா என்னும் பாசி கடலில் காணப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலின் பல பகுதிகளில் பரவியது. நம் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்களை மூடிப் படர்வதாக 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எனவே, பறித்த பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

அந்தச் சகோதரர் மீண்டும் தொட்டியை அமைத்திருக்கிறார். மணல் இப்போதும் பழுப்பாகத்தான் இருக்கிறது. இம்முறை யாரும் அதைக் கழுவவில்லை. மீன் வாங்குவதற்கு முன் ஆறு வாரம் பொறுக்கப்போவதாக மகனே சொல்லிவிட்டான். தொட்டியில் விட்ட உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கழுவும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்போம்.