பைக்கில் மாட்டிய மாட்யூல்: ஒயர் ஒடியாமல் காப்பது எப்படி?

கம்ப்யூட்டர் ஓடும்போது ஹார்ட் டிஸ்க்கை ஆட்டக் கூடாது என்று விற்றவர் சொல்லியிருப்பார். பைக்கில் நாம் தனியாக வாங்கி மாட்டும் யூ.எஸ்.பி. சார்ஜர், ஜி.பி.எஸ். டிராக்கர் போன்றவற்றுக்கும் இதே கவனம் தேவை. இவற்றை 'மாட்யூல்' என்பார்கள். சிறு பெட்டிக்குள் ஒரு சர்க்கியூட் போர்டு, வெளியே இரண்டு மூன்று ஒயர்கள், அவ்வளவுதான்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்பதால், ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் "சார்ஜர் டூப்ளிகேட் போல, பாருப்பா" என்று பைக்கோடு வந்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும். ஒயர்தான் ஒடிந்திருக்கும்!

காரணம் அதிர்வு. இன்ஜின் நிமிடத்திற்கு 4000 சுற்று சுற்றினால், ஒரு மணி நேரத்தில் 2,40,000 சுற்று. ஒற்றை சிலிண்டர் பைக்கில் ஒவ்வொரு சுற்றும் ஓர் அதிர்வுதான். இதோடு ரோடும் சேர்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட ரோடு மேடு பள்ளமாகிவிடும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல, ஒயர் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒடிகிறது.

போனுக்கும் ஆபத்து உண்டு. அதிக சக்தியுள்ள பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது.

என்ன செய்யலாம்?

1. இன்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். டிராக்கருக்கு சீட்டின் அடிப்பகுதி நல்லது.

2. தூசியைத் துடைத்துவிட்டு, தடித்த ஸ்பாஞ்ச் டபுள் சைடு டேப்பில் ஒட்டுங்கள். மேலே கேபிள் டை போடுங்கள். க்ளூ கன் பசையை நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலில் இளகிவிடும்.

3. முக்கியமானது இது. ஒயரை முதலில் மாட்யூல் பெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். பிறகு சிறிது தளர்வு விட்டு ஃபிரேமில் கட்டுங்கள். அப்போதுதான் பெட்டி ஆடும்போது இணைப்பு இழுபடாது.

4. ஒயர் நுனியில் சால்டரிங் செய்தால் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் ஒடியும். லக் வைத்து அழுத்துவது நல்லது.

5. சிலிகான் பசை பூசுவதானால் வினிகர் வாடை வருவதைத் தவிர்க்கவும். அது செம்பை அரிக்கும்.

6. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். ஒயர் உரசித் தோல் உரிந்து ஃபிரேமில் பட்டால் தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. பத்து ரூபாய் ஃபியூஸ் பைக்கையே காப்பாற்றும்.

மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பின், ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அன்றே இறுக்கிவிடுங்கள். ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்பவருக்கு போன்தான் கணக்கு நோட்டு. அது நடுவழியில் அணையாமல் இருக்க இந்தப் பத்து நிமிட வேலை போதும்.