ஐஸ் ஹவுஸ் அக்கா!

குட்டீஸ்... சென்னை மெரீனா கடற்கரைக்குப் போனவர்கள், சாலைக்கு எதிர்ப்புறம் வட்ட முகப்பு வைத்த பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அதன் பெயர், விவேகானந்தர் இல்லம். பழைய பெயர், 'ஐஸ் ஹவுஸ்!' பிரிட்ஜ் இல்லாத காலத்தில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளை அங்கேதான் சேமித்து வைத்தனர். பின்னாளில் அதே கட்டடத்தில், படிக்க வந்த சிறுமிகள் தங்கினர். அவர்களை அழைத்து வந்தவர், சுப்புலட்சுமி டீச்சர்.

இவர், 1886ல் மயிலாப்பூரில் பிறந்தார். பூர்வீகம், தஞ்சைப் பக்கம் ரிஷியூர் கிராமம். வீட்டுக்கு மூத்த பெண், படிப்பில் கெட்டி. நாலாம் வகுப்புப் பொதுத் தேர்வில், செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம். அப்போது வயது ஒன்பது!

பதினோரு வயதில் கல்யாணம் செய்து வைத்தனர். அந்தக் கால வழக்கம் அது. கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்து போனார். ஆறாம் வகுப்பு படிக்கிற வயதில், 'விதவை' என்ற பெயர். அப்படிப்பட்ட சிறுமி, விசேஷ வீட்டில் முன்னால் வரக் கூடாது. தெருவில் எதிரே வந்தால், 'சகுனம் சரியில்லை' என்பர். தலையை மொட்டையடித்து, மூலையில் உட்கார வைத்து விடுவர். செய்யாத தப்புக்கு ஆயுள் தண்டனை!

அப்பா சுப்பிரமணிய ஐயருக்கு மனம் கேட்கவில்லை. மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். சித்தி வாலாம்பாளும் துணை நின்றார். அவரும் சின்ன வயதில் கணவரை இழந்தவர் தான். பின், எழும்பூரில் கான்வென்ட் பள்ளி, அப்புறம் மாநிலக் கல்லூரி. 1911ல் பி.ஏ., பட்டம்! சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்.

அந்த நாளில், பெண் பிள்ளைகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினர். டீச்சர்களோ மிகக் குறைவு. (களமருதூரில் நான் வேலை பார்த்தபோதே கண்டிருக்கிறேன்... முதல் நாள் அழுகிற குழந்தை, சாரிடம் போகாது. டீச்சர் சேலையைத் தான் பிடித்துக் கொள்ளும்!) இன்னொரு பக்கம், எத்தனையோ சிறுமிகள், விதவைகளாக வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்தனர். அவர்களையே படிக்க வைத்து டீச்சராக்கினால் என்ன? அவர்களுக்குச் சொந்தக்காலில் பிழைப்பு, பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியை!

கடந்த, 1912ல் எழும்பூரில், தன் அப்பா வீட்டில் நாலே நாலு சிறுமிகளோடு ஆரம்பித்தார். எல்லாரும் அவரை, 'சகோதரி' என்றே அழைத்தனர். சிறுமிகள் பெருகப் பெருக இடம் போதவில்லை. அரசு கொடுத்த இடம் தான், ஐஸ் ஹவுஸ். பக்கத்திலேயே, 1922ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதற்கு முதல் தலைவியும் அவர் தான். 

ஆரம்பத்தில் அந்த விடுதியில், பிராமணக் குடும்பத்துச் சிறுமிகளை மட்டுமே சேர்த்தனர். எனக்கு அது ஒரு குறையாகத் தான் படுகிறது. பிறகு, மயிலாப்பூர் பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார் சுப்புலட்சுமி.

வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்காக, 1942ல் மயிலாப்பூரில், ஸ்ரீவித்யா கலாநிலையம் ஆரம்பித்தார். 1958ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பர் 20ல், 83வது வயதில் காலமானார்.