வட்டும் வாக்கும்

நம் விடுதியிற் பலரும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "விர்ச்சுவல் மெஷினில் கணக்கீடு விரைவாகத்தான் ஓடுகிறது, வட்டில் எழுதும்போது மாத்திரம் ஏன் கட்டை வண்டியாகிவிடுகிறது?" என்பதே அது. பௌதிக மாணவனாகிய நானும் என் ஆய்வுக் கணக்கீடுகளை அத்தகைய பொறி ஒன்றில்தான் ஓட்டி வருகிறேன். ஆகையால் இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இயன்றவரை எளிய தமிழிற் கூற முற்படுகிறேன்.

கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் ஆக்கப்பட்ட மற்றொரு கணினியே விர்ச்சுவல் மெஷின். இஃது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே வி.எம்./370 என்பதை அறிவித்தது. லினக்ஸில் நாம் பெரிதும் கையாள்வது கியூ-எமு என்னும் மென்பொருளையும், 2007இல் லினக்ஸுடன் இணைந்த கே.வி.எம். என்னும் பகுதியையுமாம். உள்ளே இருக்கும் கணினியை விருந்தாளி என்றும், வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம். விருந்தாளியின் கணக்கீடு வீட்டுக்காரரின் செயலியில் நேராகவே ஓடுகிறது. எனவே அதில் தாமதம் சொற்பம். வட்டின் கதை வேறு. விருந்தாளி தன்னுடைய வட்டென்று எண்ணுவது, பெரும்பாலும் வீட்டுக்காரரின் வட்டிற் கிடக்கும் ஒரு பெரிய கோப்பே. அதில் ஒரு வரி எழுதவேண்டுமானால் இரண்டு வீட்டு வாசல்களையும் கடந்தாக வேண்டும்.

இனி, எழுதுதல் என்பது யாது? எந்தக் கணினியும் சொன்னவுடன் வட்டில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்தில் வைத்துக்கொண்டு "ஆயிற்று" என்கிறது. கணக்கப்பிள்ளை தொகையை மனத்திற் குறித்துக்கொண்டு தலையாட்டுவது போன்றது இது. இடையில் மின்சாரம் நின்றால் மனத்தில் இருந்தது போய்விடும். ஆகவே தரவுத்தளம் போன்ற மென்பொருள்கள், "பேரேட்டில் ஏற்றிவிட்டு வந்து சொல்" என்று அடிக்கடி கட்டளையிடுகின்றன. இக்கட்டளைக்கு ஃப்ளஷ் என்று பெயர். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டுக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகிறது. அதாவது வினாடிக்கு 120 சுற்றுகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஃப்ளஷ் கேட்டால், வினாடிக்கு நூற்றுச் சொச்சம் வரிகளே எழுத இயலும். எஸ்.எஸ்.டி.யில் சுழற்சி இல்லை. ஆயினும் காத்திருத்தல் உண்டு.

வேகத்தைக் கூட்ட இரு வழிகள் உள்ளன. ஒன்று வீண் வேலையைக் குறைப்பது. மற்றொன்று வாக்கை மீறுவது. முதல் வழியை முதலிற் பார்ப்போம்.

கியூகவ்2 என்னும் கோப்பு வகை, 64 கிலோபைட் கட்டங்களாகத் தேவைக்கேற்ப வளர்வது. வளரும் ஒவ்வொரு முறையும் அதன் அட்டவணைகளைத் திருத்த வேண்டும். முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிட்டால் இவ்வேலை மிச்சம். ஸ்னாப்ஷாட் எடுத்தபின் ஒரு பழைய கட்டத்தில் 4 கிலோபைட் எழுதினாலும், எஞ்சிய 60 கிலோபைட்டையும் புதிய இடத்திற்குப் பெயர்த்தாக வேண்டும். ஆகவே வேண்டாத ஸ்னாப்ஷாட்களை அடுக்கி வைக்காதீர்கள்.

அடுத்து, பழைய ஐ.டி.இ. வட்டைப் போல நடிக்கச் செய்வதை விடுத்து, விர்ட்டியோ முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ரஸ்டி ரஸ்ஸல் என்பார் உருவாக்கிய இம்முறையில், தான் விருந்தாளி என்பதை அறிந்த கணினி, வேண்டுகோள்களைப் பொது நினைவகத்தில் வரிசையாக வைத்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பலமுறை கதவைத் தட்டுவதில்லை.

யாவற்றினும் பெரிய ஆதாயம் விருந்தாளிக்குள்ளேயே இருக்கிறது. எஸ்.கியூ.லைட்டில் 1000 வரிகளைத் தனித்தனியே சேர்த்தால் குறைந்தது 1000 ஃப்ளஷ். மேற்சொன்ன வட்டில் எட்டு வினாடிக்கு மேல். அனைத்தையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டினால் சில ஃப்ளஷ்களே போதும். இங்கு யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இரண்டாவது வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கியூ-எமுவில் 'கேஷ்' என்னும் அமைப்பு ஒன்று உண்டு. 'ரைட்த்ரூ' என்றால் ஒவ்வொரு எழுத்தும் பேரேடேறிய பின்பே விடை வரும், வேகம் குறைவு. 'ரைட்பேக்', 'நன்' ஆகிய இரண்டும் விருந்தாளி கேட்கும் ஃப்ளஷை மதிப்பவை. 'நன்' என்பது வீட்டுக்காரரின் நினைவகத்தில் அதே தரவு மறுமுறை தங்குவதையும் தவிர்க்கிறது. 'அன்சேஃப்' என்பதோ ஃப்ளஷ் கட்டளையைக் காதிலேயே வாங்குவதில்லை. பேரேட்டைத் தொடாமலே "ஏற்றிவிட்டேன்" என்கிறது. வேகம் பன்மடங்காகும் என்பது மெய். ஆனால் மின்சாரம் ஒருமுறை நின்றால், கடைசி வரி மட்டுமன்று, கோப்பு முறைமை முழுவதுமே சிதையக்கூடும். மறுபடியும் செய்துகொள்ளத்தக்க வேலைக்கு, உதாரணமாக இயக்குதளத்தைப் புதிதாக நிறுவும் வேளைக்கு, அது தகும். மூன்று மாதம் ஓடிய கணக்கீட்டின் விடைக்குத் தகாது.

ஆகவே நண்பர்களே, வேகம் கூட்டும் யோசனை எதைக் கேட்டாலும், "இந்நொடி மின்சாரம் நின்றால் நான் எதை இழப்பேன்?" என்று முதலிற் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிவுகளின் பிரதி ஒன்றை வேறொரு கணினியில் வைத்த பின்னரே இச்சோதனைகளில் இறங்குங்கள்.